டிஸ்க் மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு வெளிநாடு செல்ல எண்ணும் குடும்பத்துக்கு

வாசகர் கேள்வி: எனது கணவருக்கு வயது 46. பொகவந்தலாவைப் பகுதித் தோட்டமொன்றில் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை செய்கிறார். நீரிழிவு நோய் உண்டு. பதினான்கு மாதங்களாக இடுப்பு வலியோடு, இடது பிட்டத்திலிருந்து பாதம் வரை இறங்கும் வலியும் இருக்கிறது. கண்டியில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறிக்கையில் முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தை போல் இருக்கும் டிஸ்க்குகளில், இடுப்பின் கீழ்ப்பகுதியிலுள்ள எல்4-எல்5 டிஸ்க் சற்றுப் பிதுங்கியிருப்பதாகவும், அதற்குக் கீழேயுள்ள எல்5-எஸ்1 டிஸ்க் தேய்ந்து விலகி இடது பக்க நரம்பை அழுத்துவதாகவும் எழுதப்பட்டுள்ளது. அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில், இப்போதைக்குச் சத்திரசிகிச்சை வேண்டாம், மருந்தும் பயிற்சியும் போதும் என்று கூறி நீண்ட திகதி கொடுத்துவிட்டார்கள். இதற்கிடையில் ஹட்டனில் ஒரு நிறுவனம் நடத்திய ஆலோசனை முகாமில், சென்னைக்குச் சென்றால் இரண்டு டிஸ்க்குகளையும் எடுத்துவிட்டுச் செயற்கை டிஸ்க் வைக்கலாம், எல்லாம் சேர்த்து 28 இலட்சம் ரூபாய், இந்த மாத முடிவுக்குள் முற்பணம் கட்டினால் சலுகை உண்டு என்றார்கள். கணவரின் சித்தப்பா மகன் கழுத்தில் இதே சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டு இப்போது நன்றாக இருக்கிறார். நகைகளை அடகு வைத்து, சேமலாப நிதியிலும் ஒரு பங்கை எடுத்துப் போகலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

இந்த மாத முடிவுக்குள் முற்பணம் கட்ட வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையின் வைத்தியசாலைகள் மீதோ அங்குள்ள சத்திரசிகிச்சை நிபுணர்கள் மீதோ எனக்கு ஐயம் இருப்பதால் இதைச் சொல்லவில்லை. முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையில் அங்கு நல்ல தேர்ச்சி உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள், நம் நாட்டிலிருந்து சென்று நலமாகத் திரும்பியவர்களும் பலர். எந்த நாட்டில் செய்வது என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கணவருக்கு இந்தச் சத்திரசிகிச்சைதான் தேவையா என்ற கேள்விக்கு இதுவரை எவரும் தெளிவான விடை தரவில்லை. அந்த விடை கிடைக்காத நிலையில் விலை பேசுவது முறையாகாது. கடிதத்தை மட்டும் படித்து நோயைத் தீர்மானிக்க என்னால் இயலாது. நீங்கள் எழுதிய விபரங்களைக் கொண்டு எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பதை மாத்திரம் சொல்கிறேன்.

கணவரிடம் இன்றிரவே ஒரு கேள்வியைக் கேளுங்கள். இடுப்பு வலி, கால் வலி ஆகிய இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துவிட முடியுமானால் எதை எடுக்கச் சொல்வார்? என் கிளினிக்கில் ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன்பே நான் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் கால் வலிதான் என்று அவர் சொன்னால், பிதுங்கிய டிஸ்க்கின் துண்டு நரம்பு வேரை அழுத்துவதே தொல்லையின் மூலம் என்று கருத இடமுண்டு. அதற்கு வழக்கமாகச் செய்வது டிஸ்க்கை முழுவதும் மாற்றுவதன்று. முதுகுப் பக்கத்தில் சிறிய வெட்டு ஒன்றின் வழியாக, நுணுக்குக்காட்டியின் துணையுடன், நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் அகற்றுவதாகும். இதை நம் நாட்டிலேயே, கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணமின்றிச் செய்கிறார்கள். செயற்கை டிஸ்க் பொருத்துவது வேறொரு நோய்க்கான வைத்தியம்: ஒரு டிஸ்க் தேய்ந்து போனதால் இடுப்பிலேயே நிலைத்து நிற்கும் வலி, நீண்ட காலப் பயிற்சிக்கும் மருந்துக்கும் அடங்காதபோது, மிகவும் தெரிந்தெடுத்த சிலருக்கு மட்டும் அது பரிசீலிக்கப்படுகிறது. முகாமில் இந்த வேறுபாட்டைப் பற்றி எவரும் பேசியதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அது எனக்குக் கவலை தருகிறது.

இரண்டு டிஸ்க்குகளையும் மாற்றவேண்டும் என்று அவர்கள் சொன்னது அதைவிடக் கவலை தருகிறது. எல்4-எல்5 டிஸ்க் ‘சற்றுப் பிதுங்கியிருப்பதாக’ மட்டுமே அறிக்கை கூறுகிறது. 1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், முதுகு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்தபோது, அவர்களில் 52 வீதமானோருக்குக் குறைந்தது ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது. எல்லா டிஸ்க்குகளும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 வீதத்தினர் மட்டுமே. நாற்பதைக் கடந்தவர்களில் பெரும்பாலோரை, என்னையும் சேர்த்து, ஸ்கேன் செய்தால் ஏதாவது ஒரு பிதுக்கமோ தேய்வோ தென்படத்தான் செய்யும். ஸ்கேனில் தெரிவதும், அவர் சொல்லும் வலியும், கால் தசைகளைச் சோதிக்கும்போது வைத்தியர் காண்பதும் ஒரே நரம்பைச் சுட்டினால் மட்டுமே அந்த டிஸ்க்கைக் குற்றம் சொல்லலாம்.

செயற்கை டிஸ்க் ஒன்றும் நேற்று வந்த பொருளன்று. உலோகத் தகடுகளுக்கிடையே பிளாஸ்டிக் வில்லை அமைந்த இடுப்பு டிஸ்க்கை 1980களில் கிழக்கு பெர்லினின் ஷாரிட்டே வைத்தியசாலையில் வடிவமைத்தார்கள். அவர்களுள் ஒருவரான காரின் பியூட்னர்-யான்ஸ், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக் போட்டியில் இரண்டு தங்கப் பதக்கம் வென்றவர் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. அந்த டிஸ்க்குக்கு அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. இப்போது அது சந்தையில் இல்லை, அதன் இடத்தில் வேறு வகைகள் உள்ளன. ஆனால் அனுமதி கிடைத்ததால் எல்லா நாடுகளும் அதை வரவேற்றுவிடவில்லை. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இடுப்பு டிஸ்க் மாற்றுவதற்குப் பணம் கொடுப்பதில்லை என்று அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்புறுதி 2007இல் தீர்மானித்தது. பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டல் நிறுவனமோ, இடுப்பு வலிக்கு டிஸ்க் மாற்றுச் சத்திரசிகிச்சையை வழங்க வேண்டாம் என்று 2016இல் நேரடியாகவே எழுதியது. நோர்வேயில் 173 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் செயற்கை டிஸ்க்கும் மற்றப் பிரிவினருக்கு முறையான பயிற்சி, ஆலோசனை அடங்கிய புனர்வாழ்வும் அளித்து இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவு 2011இல் வெளிவந்தது. டிஸ்க் வைத்தவர்களின் நிலை ஓரளவு மேலாகத்தான் இருந்தது. ஆனால், ஒரு நோயாளி தன் அன்றாட வாழ்வில் உணரக்கூடிய அளவு என்று ஆய்வாளர்கள் முன்கூட்டியே வகுத்த எல்லையை அந்த வித்தியாசம் எட்டவில்லை. தகுதியானவர்களுக்குப் பலன் தரும் சத்திரசிகிச்சை இது என்பதை நான் மறுக்கவில்லை. அந்தத் தகுதி எல்லோருக்கும் இல்லை என்பதே என் பேச்சு.

தகுதி என்பதற்குள் பல அடங்கும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பின்னால் இரண்டு சிறு மூட்டுகள் உள்ளன. அவை ஏற்கெனவே தேய்ந்திருந்தால் முன்னால் புதிய டிஸ்க் வைத்துப் பயனில்லை. கீல் இற்றுப்போன கதவுக்குப் புதுப் பலகை அடிப்பது போலாகும். ஒரு முள்ளெலும்பு மற்றதன் மேல் முன்னோக்கி நழுவியிருத்தல், நரம்புக் குழாய் ஒடுங்கியிருத்தல், முதுகெலும்பின் வளைவு, எலும்பு அடர்த்திக் குறைவு, உலோக ஒவ்வாமை ஆகியவையும் தடைகளே. ஆகவே படுத்த நிலையில் எடுத்த ஸ்கேன் ஒன்றை மட்டும் வைத்து எவராலும் இதைத் தீர்மானிக்க முடியாது. நின்றபடியும், முன்னே குனிந்தும் பின்னே வளைந்தும் எடுக்கும் எக்ஸ்ரே படங்களும், எலும்பு அடர்த்திப் பரிசோதனையும், தேவையானால் சி.டி. ஸ்கேனும் வேண்டும். முகாமில் இவற்றுள் ஒன்றையாவது கேட்டார்களா என்று யோசித்துப் பாருங்கள். நீரிழிவு இருப்பதால், கடந்த மூன்று மாதச் சராசரிச் சீனி அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. பரிசோதனையையும் கேட்டிருக்க வேண்டும். சீனி கட்டுப்பாட்டில் இல்லாத உடம்பில் வெளிப்பொருளைப் பொருத்தினால் கிருமித் தொற்று ஏற்படும் ஆபத்து கூடும்.

சித்தப்பா மகனின் நல்ல முடிவு உங்களுக்கு நம்பிக்கை தந்திருப்பது இயல்பு. ஆனால் அவருக்குச் செய்தது கழுத்தில். கழுத்து டிஸ்க்கை மாற்றும்போது, முன்கழுத்தில் சிறிய வெட்டின் வழியாகச் சென்று நரம்பை அழுத்தும் பகுதியை முழுவதும் நீக்கிவிட்டு அந்த இடத்தில் செயற்கை டிஸ்க்கை வைக்கிறார்கள். கைக்கு இறங்கும் வலிக்கு அது பெரும்பாலும் நல்ல பலன் தருகிறது, அதற்கான ஆய்வுச் சான்றுகளும் வலுவானவை. இடுப்பில் செய்வதற்கு வயிற்றின் முன்பக்கத்தைத் திறந்து, குடலை ஒதுக்கி, கால்களுக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெரிய நாளங்களை விலக்கிக்கொண்டு முள்ளந்தண்டை அடைய வேண்டும். அதனால்தான் பல இடங்களில் இரத்த நாளச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரும் மேசையருகே நிற்கிறார். எல்5-எஸ்1 இடத்தில் அந்த நாளங்களுக்கருகே செல்லும் மெல்லிய நரம்புகள் பாதிக்கப்பட்டால், ஆண்களில் சிலருக்கு விந்து வெளியேறாமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிச் செல்லும் நிலை ஏற்படலாம். இதை முன்கூட்டியே கணவரிடம் சொல்ல வேண்டியது வைத்தியரின் கடமை.

இவை எல்லாவற்றையும் விட நான் அதிகம் அஞ்சுவது இரண்டாவது சத்திரசிகிச்சையை. பொருத்திய டிஸ்க் நகர்ந்தாலோ, எலும்புக்குள் அமிழ்ந்தாலோ, தொற்று ஏற்பட்டாலோ அதே வழியாக மறுபடியும் உள்ளே போக வேண்டும். அதற்குள் நாளங்கள் தழும்புத் திசுவில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பிரித்தெடுப்பது முதல் தடவையைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. அப்படி ஒன்று நேர்ந்தால் யார் செய்வார்? சென்னைக்கு மறுபடியும் போவதற்குப் பணம் இருக்குமா? இல்லையென்றால், தான் வைக்காத ஒரு டிஸ்க்கை, அதன் வகையும் அளவும் தெரியாமல் எடுக்க இங்குள்ள எந்த நிபுணர் முன்வருவார்? வெளிநாட்டுக்குச் செல்வதா என்ற தீர்மானத்தில் எடை போட வேண்டியவை இந்தக் கேள்விகளே. வைத்தியசாலைக் கட்டடத்தின் அழகை எடை போட்டுப் பயனில்லை.

வீடு திரும்பும் பயணத்தையும் சற்று எண்ணிப் பாருங்கள். சென்னையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம்தான். அதன் பிறகு அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை என்று வளைந்து வளைந்து ஹட்டனுக்கு ஏறி, அங்கிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்ல வேண்டும். உள்ளூர்ப் பாதைகளின் குழிகளைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புதிதாகச் சத்திரசிகிச்சை செய்த முதுகுக்கு விமானத்தைவிட இந்த மலைப்பாதைதான் பெரிய சோதனை. ஆகவே எங்கே செய்தாலும், ஓரிரு வாரங்கள் கொழும்பிலோ கண்டியிலோ உறவினர் வீட்டில் தங்கிவிட்டு, இடையிடையே இறங்கி நடந்து வருவதற்கு ஏற்பாடு செய்யுங்கள். நீண்ட நேரம் அசையாமல் இருப்பது கால் நாளங்களில் இரத்தம் உறையவும் காரணமாகலாம். வீட்டுக்குப் போகும் வழியில் எத்தனை படிகள், கழிப்பறை குந்தி இருப்பதா நாற்காலி போன்றதா, மழைக்காலத்தில் முற்றம் வழுக்குமா என்பவற்றையெல்லாம் சென்னை வைத்தியர் கேட்கப் போவதில்லை. தொழிலும் அப்படியே. மலைமலையாக ஏறி இறங்குவதும், மோட்டார் சைக்கிளில் தோட்டப் பாதையில் குலுங்குவதும் அவருடைய அன்றாட வேலை. பாரம் தூக்குவதையும் குலுங்கும் பயணங்களையும் ஏறத்தாழ மூன்று மாதங்களாவது தவிர்க்க வேண்டியிருக்கும். அந்தக் காலத்தில் அவருக்கு அலுவலக வேலையோ தொழிற்சாலைக் கணக்கு வேலையோ தர முடியுமா என்று தோட்ட முகாமையாளரிடம் முன்கூட்டியே பேசுவது நல்லது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 28 இலட்சம் என்பதற்குள் உடன் செல்பவரின் தங்குமிடம், உணவு, எதிர்பாராது கூடும் தீவிர சிகிச்சை நாட்கள், மறுபடி பார்க்கச் செல்லும் பயணம் ஆகியவை அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதியில் சேர்ந்துள்ள தொகையில் 30 வீதம் வரை, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வைத்தியச் செலவுக்காக முன்கூட்டியே பெறும் வழி உண்டு. ஆனால் அது அவர் முதுமைக்குச் சேர்த்த பணம். நுணுக்குக்காட்டியால் துண்டை அகற்றினாலே போதும் என்ற முடிவு வருமானால் நகையும் தேவையில்லை, நிதியும் தேவையில்லை.

‘சத்திரசிகிச்சை வேண்டாம்’ என்று கிளினிக்கில் சொன்னதை அலட்சியம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலும். டிஸ்க் விலகலால் வரும் கால் வலி பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் சத்திரசிகிச்சையின்றியே தணிந்துவிடுகிறது. விலகிய துண்டை உடலே மெல்ல மெல்லக் கரைத்துவிடும். அந்த அறிவின் அடிப்படையில் சொல்லப்பட்ட சொல் அது. ஆனால் பதினான்கு மாதங்கள் குறுகிய காலமன்று. கனடாவில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு முதல் பன்னிரண்டு மாதங்களாகக் கால் வலியால் அவதியுற்ற 128 பேரை எடுத்துக்கொண்டபோது, துண்டை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டவர்களின் கால் வலி ஆறு மாத முடிவில் மற்றவர்களுடையதைவிட நன்கு குறைந்திருந்தது. ஆகவே, கால் வலி இன்னும் மேலோங்கியிருந்தால் கொடுத்த திகதி வரை காத்திருக்காமல் மீண்டும் கண்டிக்குச் செல்லுங்கள். 2022 நெருக்கடிக்குப் பின்னர் நிபுணர்கள் பலர் நாட்டை விட்டுச் சென்றதால் கிளினிக்குகளில் நெரிசல் அதிகம். ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள் மட்டுமே. அதற்கேற்ப ஆயத்தமாகப் போக வேண்டும். வலி எங்கே, எப்போது, எவ்வளவு தூரம் நடந்தால் தொடங்குகிறது, எந்த மருந்தை எத்தனை வாரம் எடுத்தார், இயன்மருத்துவரிடம் உண்மையில் எத்தனை தடவை போனார் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். “நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் அகற்றினால் இவருக்குப் பலன் கிடைக்குமா, இல்லையென்றால் ஏன்?” என்று கேளுங்கள். “செயற்கை டிஸ்க்குக்கு இவர் தகுதியானவரா?” என்றும் தயங்காமல் கேளுங்கள், நாங்கள் அதைக் குறைவாக நினைப்பதில்லை. ஒரு கருத்து போதவில்லை என்றால், முகாமைச் சாராத இன்னொரு நிபுணரிடம் கட்டணம் செலுத்திக் காட்டுவது 28 இலட்சத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு.

இத்தனைக்கும் பிறகு, ஒரு டிஸ்க் மட்டுமே பழுது, பின்மூட்டுகள் நல்ல நிலையில் உள்ளன, இடுப்பு வலிதான் பிரதானம், ஒழுங்கான பயிற்சி பல மாதம் செய்தும் பலனில்லை, செயற்கை டிஸ்க் பொருத்தமானது என்று முகாமோடு தொடர்பில்லாத நிபுணர் ஒருவர் கூறுவாரானால், நீங்கள் சென்னைக்குச் செல்வதை நான் தடுக்கமாட்டேன். அப்போது தரகர் வழியாகப் போகாமல், சத்திரசிகிச்சை செய்யப்போகும் வைத்தியரோடு காணொளி அழைப்பில் நேரடியாகப் பேசுங்கள். இடுப்பு டிஸ்க் மாற்றுவதில் அவருக்கு எவ்வளவு அனுபவம், நாளச் சத்திரசிகிச்சை நிபுணர் உடன் இருப்பாரா, பொருத்தப்போகும் டிஸ்க்கின் பெயரும் தயாரிப்பாளரும் யார், சிக்கல் வந்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் வைத்தியரிடம் போக வேண்டாம். சுற்றுலா விசாவில் செல்லாமல் மருத்துவ விசாவும், உடன் செல்பவருக்கு அதற்குரிய விசாவும் எடுங்கள். திரும்பும்போது சத்திரசிகிச்சைக் குறிப்பு, வெளியேற்ற அறிக்கை, எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன் இறுவட்டுகள், டிஸ்க்கின் வகை, அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு ஆகிய அனைத்தும் கைப்பையில் இருக்கட்டும். அந்த ஒட்டுச்சீட்டு இல்லாமல் வந்த நோயாளிக்குப் பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுப்பதற்குக்கூட நாங்கள் தயங்க வேண்டியிருக்கிறது.

எந்தத் தீர்மானத்துக்கும் காத்திராத ஒரு நிலையும் உண்டு. கணவரைக் குதிகாலால் சில அடிகள், பின்னர் முன்பாதத்தால் சில அடிகள் நடக்கச் சொல்லிப் பாருங்கள். இடது பாதம் தூக்க முடியாமல் தொய்ந்தாலோ, முன்பாதத்தில் எழும்ப முடியாமல் போனாலோ, அந்த வாரத்திலேயே வைத்தியரைக் காண வேண்டும். மலசலவாயிலைச் சுற்றியும் தொடைகளின் உட்புறத்திலும் உணர்ச்சி குறைந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, மலமோ சிறுநீரோ அறியாமல் வெளியேறினாலோ, இரு கால்களும் பலவீனமடைந்தாலோ, அது நாட்கணக்கில் தள்ளிப்போடக்கூடியதன்று. இரவென்று பாராமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியை அழையுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று, இந்த அறிகுறிகளை அதே சொற்களில் கூறி, கண்டிக்கு உடனே மாற்றுமாறு கேளுங்கள்.